கற்கள் அசையும் வரை: திரைப்படச் சங்க ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்களில் திரைப்படச் சங்கம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். 22 ஆண்டுகளாக இதுதான் தொழில். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் திரையிடலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சந்தா கட்டும் உறுப்பினர். பாட்டும் சண்டையும் இல்லாத சினிமா ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். அந்த நன்றியோடு இதை எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. சங்கத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஏனென்றால் அன்று எங்கள் அறையில் நடந்ததை வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். உங்களில் பலர் இதைப் படிக்கும்போது உங்கள் அறையைத்தான் நினைப்பீர்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் சங்கம் ஒரு மாலையைப் பரிசோதனைப் படங்களுக்காக ஒதுக்கியது. நிகழ்த்துகலையும் சினிமாவும் கலந்த படங்கள், 'நான் யார்' என்ற கேள்வியைத் தன் உடம்பை வைத்தே கேட்டவர்கள் எடுத்த படங்கள் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஒப்புக்கொண்டிருந்த நிச்சயதார்த்த வேலையை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

முதல் படம் ஆனா மெந்தியெத்தா என்ற பெண் கலைஞர் 1974-இல் எடுத்த மூன்று நிமிடப் படம். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் யாகுல் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே எடுத்தது. திரையில் ஒரு கற்குவியல் தெரிகிறது. பகல் வெளிச்சம். ஒலி கிடையாது.

அரை நிமிடம் போனது. எதுவும் அசையவில்லை. லேப்டாப் அருகே உட்கார்ந்திருந்த தம்பி, படம் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார். நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அப்போதும் கற்கள்தான். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பதற்றத்தில் அவர் படத்தை முன்னால் தள்ளிவிட்டார். இப்போது கற்கள் சரிந்து கிடக்க, நடுவே ஒரு பெண் படுத்திருந்தார். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது. "அடுத்தது போடலாமா?" என்று கேட்டார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் படத்தை நான் ஏற்கெனவே முழுதாகப் பார்த்திருந்தேன். தம்பி தள்ளிவிட்ட பகுதிதான் அந்தப் படம்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு கல் மிக லேசாக ஏறி இறங்கும். கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைப்போம். மறுபடியும் ஏறி இறங்கும். கற்களுக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள். மூச்சு ஆழமாகிறது. குவியல் முழுவதும் அந்த மூச்சோடு எழும்பித் தாழ்கிறது. ஒரு கல் உருண்டு விழுகிறது, அதைத் தொடர்ந்து இன்னொன்று. நாம் இவ்வளவு நேரம் தரை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் உடம்பு. அவர் கையை உயர்த்தி எந்தக் கல்லையும் தள்ளவில்லை. மூச்சு விட்டு மட்டுமே கற்களை இறக்குகிறார்.

மெந்தியெத்தா ஹவானாவில் 1948-இல் பிறந்தவர். கியூபப் புரட்சிக்குப் பிறகு, 1960-க்கும் 1962-க்கும் இடையில், 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாய் தகப்பன் இல்லாமல் அமெரிக்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் 1961-இல் தன் அக்காவோடு போனபோது இவருக்கு 12 வயது. அயோவா மாநிலத்தில் விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் வளர்ந்தார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் கலை படித்தார். கையில் சூப்பர் 8 கேமரா. என் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன்: சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் என்று ஓடவிட்டால் மூன்று நிமிடம் இருபது நொடியில் சுருள் தீர்ந்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு காரியத்தைத் தன் உடம்பால் செய்து முடிக்க வேண்டும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். போகப்போகத் தன் உடம்பையும் படத்திலிருந்து எடுத்துவிட்டார். மண்ணில் அவர் படுத்த அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். 1976-இல் எடுத்த ஒரு படத்தில், நம் கோயில் திருவிழாவில் வாணம் கட்டுவதுபோல், மூங்கில் சட்டத்தில் பெண் உருவமாக வாணம் கட்டி இரவில் கொளுத்துகிறார்கள். அது சுடர்விட்டு எரிந்து, சட்டம் மட்டும் மிஞ்சும் வரை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொந்த மண்ணிலிருந்து 12 வயதில் பிடுங்கி எறியப்பட்ட ஒருவர், இந்தப் பூமியில் தன் அளவுக்கு இடம் எங்கே என்று ஒவ்வொரு ஊர் மண்ணிலும் படுத்துப் பார்க்கிறார். 36 வயதில், 1985-இல் நியூயார்க்கில் இறந்துபோனார்.

இந்தப் படங்களில் கதை கிடையாது. நேரம் மட்டும்தான் இருக்கிறது. ஒருவர் தன் வாழ்நாளில் மூன்று நிமிடத்தை எடுத்து, அதற்குள் தன்னை முழுதாக வைத்து நம்மிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றரை நிமிடத்தைத் தள்ளிவிட்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன?

வெட்டுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். நானே வெட்டியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்யாணம். பெண்ணின் தாயார் கணவனை இழந்தவர். தாலி கட்டும் நேரம் கேமரா மணமேடையைச் சுற்றி வந்தது. லென்ஸ் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் அந்த அம்மா, யாரும் சொல்லாமலேயே, இரண்டு அடி பின்னால் போய்த் தூணின் மறைவில் நின்றுகொண்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் சேலைத் தலைப்பைத் தோளுக்கு மேல் இழுத்துப் போர்த்தியது. பிறகு தூணுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி, மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தார். கேமராவைத் திருப்பாமல் நான் 40 நொடி அப்படியே நின்றுவிட்டேன். யார் அவருக்கு அந்த இரண்டு அடியைக் கற்றுக்கொடுத்தார்கள்? எத்தனை கல்யாணங்களில் ஒத்திகை பார்த்து, அது அவர் காலுக்கே பழகிப்போயிருக்கும்? மிக்சிங் முடித்துக் காட்டியபோது வீட்டார் அந்த 40 நொடியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டேன். அந்த மூலப் பதிவை இன்றைக்கும் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஒருவர் கேமராவுக்கு முன்னால் தன்னை எப்படி நிறுத்திக்கொள்கிறார், எந்த இடத்தில் ஒதுங்குகிறார், எதை மூடுகிறார் என்பதைத் தினமும் பார்த்து வாழ்பவன் நான். அடையாளம் என்று கட்டுரைகளில் நாம் எழுதுவது எனக்கு அந்த இரண்டு அடிதான். நிகழ்த்துகலைப் படங்கள் அந்த இரண்டு அடியை எடுத்து நடுத்திரையில் வைக்கின்றன. அதனால்தான் அவற்றின் நேரத்தில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. மெந்தியெத்தாவின் அடுத்த படம் ஓடத் தொடங்கியதும், ஊமையாக இருக்கிறதே என்று யாரோ கைப்பேசியிலிருந்து புல்லாங்குழல் இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இந்தப் படங்களில் ஒலி இல்லாமல் இருப்பது ஒரு குறை கிடையாது. மாயா டெரன் என்ற பெயர் நம் சங்கங்களில் பலருக்கும் தெரியும். கீவ் நகரத்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 1943-இல் தனக்குத் தானே 'மாயா' என்று பெயர் வைத்துக்கொண்டவர். நம் மாயைதான் அது. 1944-இல் அவர் எடுத்த 'அட் லேண்ட்' படத்தில் கடல் அவரைக் கரையில் ஒதுக்குகிறது. அவர் ஒரு காய்ந்த மரத்தின் மேல் ஏறுகிறார். ஏறி எட்டிப் பார்த்தால், அங்கே பெரிய விருந்து மேசை ஒன்றின் விளிம்பு. அந்த மேசையின் மேலேயே ஊர்ந்து போகிறார். இருபுறமும் ஆட்கள் புகைபிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தில் ஒலியே இல்லை. தன் முதல் படத்துக்கு இசை வேண்டும் என்று பின்னாளில் தோன்றியபோது, தேஜி இத்தோவின் இசையை அவரே சேர்த்தார். இந்தப் படத்துக்குச் சேர்க்கவில்லை. அத்தனை பேர் இருக்கும் அறையில் ஒருத்தி யாருக்கும் கேட்காமல் ஊர்ந்து போவதுதான் அங்கே காட்சி. அதன்மேல் புல்லாங்குழலை ஊதினால் அந்த அறைக்கு நாமே துணை போகிறோம்.

இனி அன்றைய மாலையின் முக்கியப் படத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

மார்லன் ரிக்ஸ் 1989-இல் முடித்த 'டங்ஸ் அன்டைட்'. 55 நிமிடம். நாக்குக் கட்டு அவிழ்ந்தது என்று பொருள். ரிக்ஸ் கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். கறுப்பினத்தவருக்குள் தன்பாலீர்ப்பாளராகவும், தன்பாலீர்ப்பாளர்களுக்குள் கறுப்பராகவும் இரண்டு பக்கமும் வாய் மூடி வாழ்ந்தவர்களின் படம் அது. பேட்டியும் புள்ளிவிவரமும் வைத்து அவர் அதை எடுக்கவில்லை. அப்படி எடுக்கத் தெரியாதவரும் அல்லர். ஆவணப்படக்காரர், பெர்க்லியில் இதழியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். ஆனால் இந்த விஷயத்துக்கு அந்த வழி போதாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எசெக்ஸ் ஹெம்ஃபில் என்ற கவிஞரும் மற்றவர்களும் கேமராவைப் பார்த்துத் தங்கள் கவிதைகளைச் சொல்கிறார்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பஜனைபோல் ஏறுகின்றன. விரல் சொடுக்குவதற்கு ஒரு முழுப் பாடமே நடக்கிறது: எந்தக் கோணத்தில் சொடுக்கினால் என்ன அர்த்தம், எத்தனை வேகத்தில் சொடுக்கினால் எவ்வளவு கோபம் என்று. இருட்டின் நடுவே ரிக்ஸ் தானே ஆடையில்லாமல் நின்று ஆடுகிறார்.

ஒரு காட்சியை மட்டும் கிட்டப்போய்ச் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் தான் பள்ளியில் படித்த நாட்களை ரிக்ஸ் சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் முகம்தான் திரையில். திடீரென்று திரை முழுவதும் ஒரு வாய். பற்கள், உதடு, எச்சில். அந்த வாய் ஒரு வசைச்சொல்லைத் துப்புகிறது. மறுபடி ரிக்ஸின் முகம். அடுத்து வேறொரு வாய், வேறொரு வசை. வெள்ளையர் சொல்லும் வசையும் கறுப்பர் சொல்லும் வசையும் மாறி மாறி வருகின்றன. அந்த வாய்களுக்கு உரிய முகங்களை அவர் காட்டவே இல்லை. பள்ளியில் 'ஒன்பது' என்ற எண்ணைச் சொல்லிச் சொல்லி ஒரு பையனை அழவைத்த வகுப்பறையில் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கு அந்த வாய்கள் எல்லாம் தமிழில் கேட்டன.

படம் இருபது நிமிடம் ஓடியிருக்கும். இரண்டு ஆண்கள் அணைத்துக்கொண்டார்கள். அறையில் ஒரு சலசலப்பு. டியூப்லைட் எரிந்தது. "குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், இதோடு நிறுத்திக்கொள்வோம், நேரே கலந்துரையாடலுக்குப் போய்விடலாம்" என்றார்கள். பாதிப் படத்தை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். 'அடையாள அரசியல்' என்ற சொல் பலமுறை வந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன், எழுந்து கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

இந்தப் படத்துக்கு இது புதிதல்ல. 1991-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இது தேசிய அளவில் ஒளிபரப்பாக இருந்தபோது பல நகரங்களின் நிலையங்கள் போட மறுத்துவிட்டன. அரசுக் கலை நிதியிலிருந்து ஒரு வட்டார அமைப்பின் வழியாக ரிக்ஸுக்குக் கிடைத்திருந்தது 5,000 டாலர். அந்த 5,000 டாலரைப் பிடித்துக்கொண்டு, மக்கள் வரிப்பணம் ஆபாசத்துக்குப் போகிறது என்று கூச்சல் போட்டார்கள். அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் பாட் புக்கானன் இந்தப் படத்தின் துண்டுகளை வெட்டித் தன் தேர்தல் விளம்பரத்திலேயே போட்டார். துண்டைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். முழுப் படத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? எங்கள் அறையில் நாங்களும் துண்டைத்தான் பார்த்தோம். எங்களுக்கும் அந்த விளம்பரம் பார்த்தவர்களுக்கும் அன்று வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

அதே 1989-இல் ஐசக் ஜூலியன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸைப் பற்றி லண்டனில் எடுத்த படம் நியூயார்க் திரைப்பட விழாவுக்குப் போனது. ஹியூஸின் எழுத்துரிமையை வைத்திருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், அவருடைய கவிதை ஒலிக்கும் இடங்களில் ஒலியைத் தாழ்த்தித் திரையிட வேண்டியதாயிற்று. ஆனாலும் படத்தை நிறுத்தவில்லை. இங்கே ஒரு குரலை அடக்கியிருக்கிறார்கள் என்பது அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. எங்கள் அறையில் என்ன அடக்கப்பட்டது என்பதே வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நம் மக்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை, பொறுமை இல்லை, கதை இருந்தால்தான் உட்காருவார்கள் என்று கலந்துரையாடலில் சொன்னார்கள். இதைப் பல சங்கங்களில் கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்கவில்லை.

என் அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். பாட்டியின் மடியில் உட்கார்ந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவன் நான். துரியோதனன் வருகை எப்படி இருக்கும்? இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து நிற்பார்கள். அதற்குப் பெயரே திரைதான். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளிருந்து விருத்தம் பாடித் தான் யார் என்று தானே சொல்லிக்கொண்டு நிற்பார். கட்டியங்காரன் நீர் யார், எந்த ஊர், உம்முடைய கீர்த்தி என்ன என்று கேட்பான். திரை விலகி அவர் முழுதாகச் சபைக்கு முன் வந்து நிற்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். யாரும் 'சீக்கிரம் கதைக்கு வா' என்று கத்தமாட்டார்கள். ஒருவர் தான் யார் என்று சொல்லச் சொல்ல, அவராகவே ஆகிவிடுவதைப் பார்க்கத்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண். மீசை மழித்த இடம் அரிதாரத்துக்கு அடியில் பச்சையாகத் தெரியும். பகலில் அவர் ஏர் ஓட்டுவதை அந்த ஊரே பார்த்திருக்கிறது. துகிலுரியும் நேரத்தில் என் பாட்டி கற்பூரம் ஏற்றி அவரைக் கும்பிட்டாள். அவர் ஆண் என்பதும் பாட்டிக்குத் தெரியும், அவர் திரௌபதி என்பதும் தெரியும். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. இந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கா உடம்பால் பேசும் படம் புரியாது?

சட்டச் சிக்கல் வரும் என்றும் ஒருவர் சொன்னார். ஒரே பாலினத்தவரின் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்துவிட்டது. இவர்களை இழிவாக அழைக்கக் கூடாது, எந்தச் சொற்களால் குறிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டது. அரசிதழுக்கு இருக்கும் துணிச்சல் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் யாருடைய வாரிசுகள் என்று நினைத்துப் பாருங்கள். 1946-இல் மாயா டெரன் நியூயார்க்கில் ஒரு சிறிய நாடக அரங்கை வாடகைக்கு எடுத்து, தன்னுடைய மூன்று படங்களைத் தானே திரையிட்டார். விநியோகஸ்தர் கிடையாது, பெரிய விளம்பரம் கிடையாது. அந்தத் திரையிடலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஏமஸ் வோகல். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த இளைஞர். இப்படியும் செய்யலாமா என்று வியந்துபோய், மறு ஆண்டு அதே அரங்கில் மனைவி மார்சியாவோடு சேர்ந்து 'சினிமா 16' என்ற சங்கத்தைத் தொடங்கினார். நியூயார்க் மாநிலத் தணிக்கையைத் தாண்டுவதற்காகவே அதை உறுப்பினர் சந்தாவில் நடக்கும் சங்கமாக்கினார். ஒரு காலத்தில் அதற்கு 7,000 உறுப்பினர்கள் இருந்தார்கள். 1963 வரை நடந்தது. வோகல் அதைத் தொடங்கிய அதே 1947-இல்தான் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேறெங்கும் போட முடியாத படத்தை முழுதாகப் போடுவதற்காக ஏற்பட்ட இடம் இது. இங்கேயே ஒருவர் எழுந்து டியூப்லைட்டைப் போட்டால், அந்தப் படம் வேறு எங்கே போகும்?

அன்று கூட்டம் முடிந்து எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். ஒரு தம்பி வந்தார். கல்லூரி முடித்திருப்பார், அதற்கு மேல் வயது இருக்காது. இரண்டு பஸ் மாறி இந்தத் திரையிடலுக்காகவே வந்தவர். கலந்துரையாடலில் அவர் வாய் திறக்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னிடம் கேட்டார்: "அண்ணா, அந்தப் படம் எப்படி முடியும்?"

சொன்னேன். அந்தப் படம் எடுத்த காலத்திலேயே ரிக்ஸுக்குத் தன் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டது, படத்தில் இதயத்துடிப்பின் ஒலி வரும், எய்ட்ஸில் இறந்தவர்களின் முகங்கள் செய்தித்தாளின் இரங்கல் பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரையில் வரும் என்றேன். அந்த முகங்களோடு முடிந்துவிடாது, கறுப்பர்களின் சமஉரிமை ஊர்வலங்களின் பழைய காட்சிகளும், கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள் தங்கள் பெயரில் பதாகை பிடித்து நடக்கும் ஊர்வலமும் அடுத்தடுத்து வரும் என்றேன். இறுதியில் கறுப்பு ஆண்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பதையே புரட்சி என்று திரையில் எழுத்தில் போட்டு முடிப்பார் என்றேன்.

"அப்படியானால் அவர்கள் சேர்ந்து நடப்பதில் முடிகிறதா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"நான் அழுகையில் முடியும் என்று நினைத்துவிட்டேன். அந்த வாய்களோடு நிறுத்திவிட்டார்களே."

இருபதாவது நிமிடத்தில் நிறுத்தியதால் அந்தத் தம்பி வீட்டுக்கு எடுத்துப்போக இருந்தது வசை மட்டும். மீதி 35 நிமிடத்தை நான் டீக்கடையில் நின்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. ரிக்ஸ் 1994-இல் தன் 37-ஆம் வயதில் இறந்தார். கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு விழுந்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அந்தப் படத்தில் பேசுகிறார். மிச்சத்தை உடன் வேலை செய்தவர்கள் முடித்தார்கள். படத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட படத்தை எடுத்தால் முழுதாகப் போடுங்கள். போட முடியாது என்று தோன்றினால் எடுக்கவே வேண்டாம், பாதி போடுவதைவிட அது மேல். அழைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்: இது வயது வந்தோருக்கான படம், இதில் நிர்வாணம் உண்டு, இத்தனை நிமிடம், நடுவில் நிறுத்தமாட்டோம் என்று. சங்கடப்படுபவர் வெளியே போக ஒரு கதவு திறந்திருக்கட்டும். உள்ளே இருப்பவருக்காகப் படம் ஓடட்டும். அறிமுக உரையில் மன்னிப்புக் கேட்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் அசையாது, பயப்படாமல் கற்களையே பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். லேப்டாப்பில் உட்காருபவர் முந்தின நாள் ஒருமுறை படத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் சங்கத்துத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் குறை. ஒலி இல்லாத படத்துக்கு மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். மூன்று நிமிடம்தானே, வியர்த்தால் வியர்க்கட்டும். ஆங்கில வசனங்களுக்குத் தமிழில் வரிகள் வேண்டும் என்றால், 'டங்ஸ் அன்டைட்' படத்துக்கு நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். கவிதைகள்தான் கடினமாக இருக்கின்றன. தமிழாசிரியர் யாராவது உதவினால் கும்பிட்டு ஏற்றுக்கொள்வோம்.

கலந்துரையாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் முடிந்ததும் உடனே மைக்கை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் இருட்டிலேயே இருக்க விடுங்கள். அழுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவ்வளவு நேரமாவது வேண்டும்.

எங்கள் சங்கத்து நண்பர்களுக்கு: என்னிடம் நல்ல புரொஜெக்டர் இருக்கிறது, எட்டு அடித் திரை இருக்கிறது, ஜன்னலை மூடக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோகும் கறுப்புத் துணி 30 மீட்டர் இருக்கிறது. வாடகை வேண்டாம். மெந்தியெத்தாவின் மூன்று நிமிடத்தையும் ரிக்ஸின் 55 நிமிடத்தையும் இன்னொருமுறை போடுவோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எந்த ஞாயிறு என்றாலும் எனக்குச் சரி. தேதியைச் சொன்னால், இரண்டு பஸ் மாறி வர வேண்டிய அந்தத் தம்பிக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்கங்களின் பழைய உறுப்பினன் ஒருவன்